விளக்கை எடுத்தது யார்? எழுத்து விளையாட்டின் வழியே ஆப்ஜெக்ட் நிரலாக்கம்

திரையில் படம் எதுவும் இல்லை. கறுப்புப் பின்னணியில் நான்கே வரிகள்.

```
இருண்ட குகை
சுவரெல்லாம் ஈரம். எங்கோ தண்ணீர் சொட்டுகிறது. வடக்கே ஒரு கதவு.
ஒரு பழைய விளக்கு இங்கே கிடக்கிறது.
நிலா இங்கே நிற்கிறாள்.
```

மாறன் என்ற பெயரில் உள்ளே நுழைந்திருக்கும் நீங்கள் "விளக்கை எடு" என்று தட்டுகிறீர்கள். "நீ விளக்கை எடுத்தாய்" என்று பதில் வருகிறது. அதே நொடியில், வேறெங்கோ தன் கணினி முன் உட்கார்ந்திருக்கும் நிலாவின் திரையில் "மாறன் விளக்கை எடுத்தான்" என்று ஒரு வரி விழுகிறது. அடுத்து அவள் அதே விளக்கை எடுக்கப் பார்த்தால், அது இனி தரையில் இருக்கக் கூடாது.

இந்த வகை விளையாட்டை மட் என்பார்கள். மல்டி யூசர் டஞ்சன் என்பதன் சுருக்கம். 1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ஒரு விளையாட்டின் பெயர் அது. நாளடைவில் அந்த வகைக்கே பெயராகிவிட்டது.

ஆப்ஜெக்ட் நிரலாக்கம் கற்க இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியவில்லை. பாடப் புத்தகங்களில் நாய் குரைக்கும், பூனை கத்தும், பாடம் அதோடு முடிந்துவிடும். எதற்காக இவ்வளவு ஏற்பாடு என்று படிப்பவருக்குப் புரியாது. எழுத்து விளையாட்டில் அப்படி இல்லை. விளக்கு, கதவு, குகை, நிலா என்று திரையில் தெரியும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் நினைவகத்தில் ஓர் ஆப்ஜெக்ட்டாக, அதாவது தன் தகவலையும் தன் வேலைகளையும் சேர்த்தே வைத்திருக்கும் ஒன்றாக, உட்கார்ந்திருக்க வேண்டும். தட்டும் ஒவ்வொரு வினைச்சொல்லும் அந்த ஆப்ஜெக்ட்டுகளில் ஏதோ ஒன்றின் வேலை. அந்த வேலை எதனுடையது என்று சரியாகத் தீர்மானிப்பதில்தான் இந்தக் கலையின் பெரும்பகுதி இருக்கிறது.

ஆப்ஜெக்ட் என்ற யோசனை பிறந்ததும் இப்படியோர் இடத்தில்தான். நார்வேயின் ஓல்-யோஹான் டாலும் கிரிஸ்டன் நிகார்டும் 1967-ல் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழியில்தான் கிளாஸ், ஆப்ஜெக்ட் என்ற கருத்துகள் முதலில் முழு வடிவம் பெற்றன. நிஜ உலகின் நிகழ்வுகளைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதற்காக வளர்ந்த மொழி அது. ஒரு குட்டி உலகத்தைக் கணினிக்குள் வைப்பதுதானே நம் வேலையும்.

ஆப்ஜெக்ட் இல்லாமல் எழுதினால்

எழுதலாம், தாராளமாக. ஒரே ஒருவர் விளையாடும் சிறிய விளையாட்டுக்கு நான்கைந்து மாறிகளும் (மதிப்பைச் சேமிக்கும் பெயர்கள்) நீளமான "என்றால்" வரிசையும் போதும். விளக்கு எரிகிறதா, கதவு திறந்திருக்கிறதா, ஆட்டக்காரர் எந்த அறையில் இருக்கிறார் என்று ஆளுக்கொரு மாறி வைத்துக்கொண்டால் வேலை நடக்கும்.

இரண்டாவது ஆட்டக்காரர் வரும்போது முதல் சிக்கல். "ஆட்டக்காரர் இருக்கும் அறை" என்ற மாறி யாருடையது? இரண்டாவது விளக்கு வரும்போது அடுத்த சிக்கல். "விளக்கு எரிகிறது" என்றால் எந்த விளக்கு? மாறிகளைப் பட்டியலாக மாற்றுவீர்கள். விளக்குகளுக்கு ஒரு பட்டியல், வாள்களுக்கு ஒன்று, பைகளுக்கு ஒன்று. "எடு" என்ற கட்டளை எல்லாப் பட்டியல்களையும் துழாவ வேண்டியிருக்கும். புதிதாக ஒரு வகைப் பொருளைச் சேர்த்தால் "எடு", "வை", "கொடு", "பார்" எல்லாவற்றையும் திறந்து திருத்த வேண்டும்.

இதற்கு ஒரு நிஜ உதாரணம் உண்டு. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையில் ஐந்து பேர் சேர்ந்து எழுதி 1991-ல் வெளியான டிக்குமட் என்ற மட், சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழியில் கிளாஸ் கிடையாது. ஆகவே உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் ஒரே அமைப்பு, அதில் நான்கு எண்களுக்கு இடம். அந்த எண்களின் அர்த்தம் பொருளின் வகையைப் பொறுத்து மாறும். விளக்காக இருந்தால் மூன்றாவது எண் இன்னும் எத்தனை மணி நேரம் எரியும் என்பது. ஆயுதமாக இருந்தால் அதே மூன்றாவது எண், அடியின் வலிமையைக் கணக்கிட உருட்டும் பகடைக்கு எத்தனை முகம் என்பது. குடுவையாக இருந்தால் உள்ளே இருப்பது எந்தத் திரவம் என்பது. அந்தக் காலக் கணினிகளின் நினைவக அளவுக்கு இது கெட்டிக்காரத்தனமான சிக்கனம், அதிலிருந்து ஏராளமான விளையாட்டுகள் கிளைத்தன. ஆனால் அந்த நிரலைப் படிப்பவர் மூன்றாவது எண்ணைக் கண்ட ஒவ்வொரு இடத்திலும் நின்று "இது இப்போது என்ன பொருள்?" என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விக்கான பதிலை அந்தப் பொருளிடமே ஒப்படைத்துவிட்டால் என்ன? கிளாஸ் என்பது அந்த ஒப்படைப்புதான்.

கிளாஸும் ஆப்ஜெக்ட்டும்

விளக்கு என்றால் என்ன என்று ஒரே இடத்தில் எழுதிவைக்கிறோம். அதனிடம் என்னென்ன தகவல் இருக்கும், அது என்னென்ன செய்யும். தமிழிலேயே ஒரு மாதிரி நிரல் எழுதிக் காட்டுகிறேன். "தான்" என்ற சொல் அந்த விளக்கையே குறிக்கும். "அறிவி" என்பது அங்கே இருக்கும் எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லும்.

```
கிளாஸ் விளக்கு:
    உருவாக்கு():
        தான்.எண்ணெய் = 100
        தான்.எரிகிறது = இல்லை

    ஏற்று(யார்):
        தான்.எண்ணெய் == 0 என்றால்:
            யார்.கேள்("திரி காய்ந்து கிடக்கிறது.")
            நிறுத்து
        தான்.எரிகிறது = ஆம்
        தான்.இடம்.அறிவி(யார், "ஏற்று", தான்)
```

இது விளக்கு அல்ல, விளக்குக்கான வரைபடம். இதை வைத்து நிஜ விளக்குகளை எத்தனை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணெய், தனித்தனி இடம். 1989-ல் லார்ஸ் பென்ஷோ எழுதிய எல்பிமட் என்ற மட்டில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். அதில் ஒரு கோப்பை ஏற்றினால் கிடைப்பது மூல வரைபடம். விளையாட்டுக்குள் உலவவிட அதிலிருந்து நகல் எடுக்க வேண்டும். நூறு விளக்குகள் வேண்டுமா, நூறு நகல்கள்.

தொடக்கத்தில் அநேகமாக எல்லோரும் விழும் ஒரு குழி இங்கே இருக்கிறது, நானும் விழுந்தேன். பைத்தான் மொழியில் பை என்ற கிளாஸ் எழுதி, உள்ளே இருப்பவற்றின் பட்டியலை "உருவாக்கு" என்ற மெத்தடுக்குள் (கிளாஸில் எழுதும் ஒவ்வொரு வேலையும் ஒரு மெத்தட்) வைக்காமல் கிளாஸின் தலைப்புக்கு நேர் கீழே வைத்துவிட்டேன். ஒரு பையில் கல்லைப் போட்டால் உலகத்தில் உள்ள எல்லாப் பைகளிலும் அதே கல் தெரிந்தது. பட்டியல் பைகளுக்குச் சொந்தமாக இல்லை, வரைபடத்துக்குச் சொந்தமாக இருந்தது. மேலே "தான்.எண்ணெய்" என்று எழுதியிருப்பது அதனால்தான். இந்த எண்ணெய் இந்த விளக்கினுடையது.

நகர்வதற்கு ஒரே வழி

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

விளக்கு குகையில் இருக்கிறது. இந்த ஒரு உண்மையை நிரலில் இரண்டு இடத்தில் எழுதிவைக்கிறோம். விளக்கின் "இடம்" குகை என்கிறது, குகையின் "உள்ளே" பட்டியலில் விளக்கு இருக்கிறது. இரண்டும் தேவைதான். விளக்கை அணைத்தால் எந்த அறை இருளும் என்று அறிய முதலாவது வேண்டும், குகையைப் பார்ப்பவருக்கு என்னென்ன கிடக்கிறது என்று சொல்ல இரண்டாவது வேண்டும். ஆனால் ஒரே உண்மையை இரண்டு இடத்தில் எழுதினால், என்றாவது ஒருநாள் ஒன்று மாறி மற்றொன்று மாறாமல் போகும். அப்போது விளக்கு மாறனின் கையிலும் இருக்கும், தரையிலும் இருக்கும். நிலா தரையில் இருப்பதை எடுப்பாள். ஒரு விளக்கு இரண்டாகிவிடும். விளக்காக இருந்தால் பரவாயில்லை, பொற்காசு மூட்டையாக இருந்தால்? பலர் ஆடும் விளையாட்டில் இப்படி ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தால் ஒரே இரவில் அந்த உலகத்தின் பொருளாதாரம் சரிந்துவிடும்.

"எடு" கட்டளையில் கவனமாக எழுதினேன், "வை" கட்டளையில் கவனமாக எழுதினேன் என்பதெல்லாம் போதாது. கொடுப்பது, திருடுவது, பைக்குள் போடுவது, அரக்கன் செத்தால் அவன் கையில் இருந்தவை தரையில் விழுவது, ஆட்டக்காரர் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நடப்பது என்று எல்லாமே இடம் மாறுவதுதான். அத்தனையும் ஒரே மெத்தட் வழியாகப் போக வேண்டும். வேறு எவருக்கும் "இடம்" என்பதையோ "உள்ளே" என்பதையோ தொட உரிமை இருக்கக் கூடாது.

```
கிளாஸ் பொருள்:
    நகர்(புதுஇடம்):
        புதுஇடம்.ஏற்குமா(தான்) == இல்லை என்றால்:
            தோல்வி என்று திருப்பு
        தான்.இடம்.உள்ளே பட்டியலிலிருந்து தன்னை நீக்கு
        புதுஇடம்.உள்ளே பட்டியலில் தன்னைச் சேர்
        தான்.இடம் = புதுஇடம்
        வெற்றி என்று திருப்பு
```

உள்விவரத்தை மூடிவைத்து, குறிப்பிட்ட வாசல் வழியாக மட்டுமே அணுக விடுவதைப் புத்தகங்கள் உறைபொதியாக்கம் என்று சொல்லும். பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் இவ்வளவுதான். தனியாக ஆடும் விளையாட்டில் அது ஒழுங்கு. பலர் ஆடும் விளையாட்டில் அது பாதுகாப்பு.

ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1990-ல் பேவல் கர்ட்டிஸ் தொடங்கிய லாம்டாமூ இதை மொழியின் விதியாகவே வைத்தது. மூ என்பதே ஆப்ஜெக்ட் வழியில் எழுதப்பட்ட மட் என்பதன் சுருக்கம். அதில் எந்த ஆப்ஜெக்ட்டின் இடத்தையும் உள்ளடக்கத்தையும் படிக்கலாம், நேரடியாக மாற்ற முடியாது. நகர்த்தும் கட்டளை ஒன்றுதான் வழி. அது முதலில் போய்ச் சேரும் இடத்திடம் "இதை ஏற்கிறாயா?" என்று கேட்கும். பிறகு பழைய இடத்துக்கு "இது உன்னை விட்டுப் போகிறது" என்றும், புது இடத்துக்கு "இது உன்னிடம் வந்திருக்கிறது" என்றும் தெரிவிக்கும்.

அந்த "ஏற்குமா" என்ற கேள்வி எவ்வளவு வேலையைத் தன்மேல் எடுத்துக்கொள்கிறது பாருங்கள். பை நிரம்பிவிட்டால் பையே மறுக்கும். ஆட்டக்காரர் தூக்க முடியாத எடை என்றால் ஆட்டக்காரரே மறுப்பார். நீருக்கடியில் இருக்கும் அறை, எரியும் விளக்கை ஏற்றுக்கொண்டு அதை அணைத்துவிடலாம். "எடு" கட்டளைக்கு இதில் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம், ஒரு குறும்பான ஆட்டக்காரர் "பையைப் பைக்குள் போடு" என்று தட்டுவார். கண்டிப்பாகத் தட்டுவார். அதைத் தடுத்தால், பையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அந்தப் பெட்டியைப் பைக்குள் போடுவார். இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டு உலகத்திலிருந்தே காணாமல் போகும். போய்ச் சேரும் இடத்திலிருந்து தொடங்கி, அது எதற்குள் இருக்கிறது, அது எதற்குள் இருக்கிறது என்று மேலே ஏறிப் பார்த்து, வழியில் நகரும் பொருளே எதிர்ப்பட்டால் மறுக்க வேண்டும். இந்தச் சோதனையையும் எழுத வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான், "நகர்" மெத்தட். இது புரிந்த அன்றுதான் எனக்கு ஆப்ஜெக்ட் நிரலாக்கத்தின் மேல் நிஜமான மரியாதை வந்தது.

ஒரே செய்தி, பல காதுகள்

மேலே "யார்.கேள்" என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். கேள்வி கேட்பது என்ற பொருளில் இல்லை, காதில் வாங்கிக்கொள் என்ற பொருளில். உலகத்தில் உள்ள எல்லா ஆப்ஜெக்ட்டுக்கும் இந்த மெத்தட் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் அதை வேறு மாதிரி செய்யும்.

நிலாவிடம் "கேள்" என்றால், அவளுடைய கணினியோடு இருக்கும் இணைப்பு வழியாக அந்த வரி அனுப்பப்படும். அரக்கனிடம் சொன்னால், அந்த வரியில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்து உறுமுவான். கிளியிடம் சொன்னால் நினைவில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லும். கல்லிடம் சொன்னால் எதுவும் நடக்காது. அறையிடம் சொன்னால், தனக்குள் இருக்கும் ஒவ்வொருவரிடமும் "கேள்" என்று கடத்திவிடும்.

அறைக்கு யார் நிஜ மனிதர், யார் அரக்கன், எது கல் என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. எல்லோரிடமும் ஒரே சொல்லைச் சொல்கிறது, அவரவர் இயல்புக்கு ஏற்ப எதிர்வினை செய்கிறார்கள். பல்லுருவம் என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான். ஸ்மால்டாக் மொழியை வடிவமைத்தவர்களில் முதன்மையானவரான ஆலன் கே, ஆப்ஜெக்ட்டுகளைவிட அவற்றுக்கு இடையே போகும் செய்திகள்தான் முக்கியம் என்று வலியுறுத்தியவர். எழுத்து விளையாட்டு எழுதிப் பார்த்தால் அது எவ்வளவு சரி என்று புரிகிறது. நாளைக்குச் சுவருக்குப் பின்னால் ஒட்டுக் கேட்கும் மந்திரக் காது ஒன்று செய்ய விரும்பினால், அதற்கு "கேள்" என்ற மெத்தடை எழுதி அறைக்குள் போட்டால் போதும். அறையின் நிரலில் ஒரு எழுத்துகூட மாறாது.

தமிழில் விளையாட்டு எழுதும்போது இங்கே ஒரு அழகான சிக்கல் காத்திருக்கிறது. மாறன் விளக்கை எடுத்தால் மாறனுக்கு "எடுத்தாய்", மற்றவர்களுக்கு "எடுத்தான்". நிலா எடுத்தால் "எடுத்தாள்". முதியவர் எடுத்தால் "எடுத்தார்". குரங்கு எடுத்தால் "எடுத்தது". ஒரே நிகழ்வு, பார்ப்பவரையும் செய்பவரையும் பொறுத்து வினைச்சொல்லின் வால் மாறுகிறது. பொருளின் பெயரும் சும்மா இருக்காது. விளக்கு விளக்கை ஆகும், மரம் மரத்தை ஆகும், கல் கல்லை ஆகும், ஆடு ஆட்டை ஆகும்.

செய்பவர், செய்யப்படுபவர், மற்றவர்கள் என்று மூன்று தரப்புக்கும் தனித்தனி வரி அனுப்பும் ஏற்பாடு டிக்குமட்டிலேயே இருந்தது. நாம் அதை இன்னும் ஒரு படி கொண்டுபோக வேண்டும். "அறிவி" மெத்தடிடம் முடிந்த வாக்கியத்தைக் கொடுக்காமல், யார், என்ன வினை, எதை என்ற மூன்றை மட்டும் கொடுங்கள். வாக்கியத்தை அமைக்கும்போது ஒவ்வொருவரிடமும் அவரவர் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். செய்பவரிடம் "உனக்கு வினை எப்படி முடியும்?" என்று கேட்டால், மாறன் "ஆன்" என்பான், நிலா "ஆள்" என்பாள். பொருளிடம் "உன்னை எப்படிச் சொல்வது?" என்று கேட்டால் அது "விளக்கை" என்று தரும். அடிப்படைப் பொருள் கிளாஸில் பொது விதியை எழுதிவிடலாம். மகரத்தில் முடிந்தால் "த்தை", மற்றபடி "ஐ" என்பது போல. விதிக்கு அடங்காத பெயர் வந்தால் அந்தப் பொருள் மட்டும் தன் வடிவத்தைத் தானே எழுதிக்கொள்ளட்டும்.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்றும் உண்டு. ஆட்டக்காரர் "மரத்தை வெட்டு" என்று தட்டும்போது "மரத்தை" என்பதிலிருந்து "மரம்" என்று பின்னோக்கிப் பிரிப்பது கடினம். பிரிக்கவே வேண்டாம். அறையில் இருக்கும் ஒவ்வொரு பொருளிடமும் "இந்தச் சொல் உன்னையா குறிக்கிறது?" என்று கேளுங்கள். தன் வடிவங்கள் எல்லாம் அதற்குத் தெரியும், ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லிவிடும். பெரிய இலக்கணப் பகுப்பான் எழுத வேண்டிய வேலை, பத்து வரியில் முடிந்துவிடும்.

மரபுரிமை

ஆப்ஜெக்ட் நிரலாக்கம் என்றாலே முதலில் மரபுரிமையைத்தான் சொல்லித்தருவார்கள். நான் வேண்டுமென்றேதான் இவ்வளவு தூரம் தள்ளிவைத்தேன். பொருள் என்ற கிளாஸில் நகர்வதும் கேட்பதும் பெயர் சொல்வதும் இருக்கிறது. விளக்கு ஒரு பொருள், ஆகவே அவை எல்லாம் விளக்குக்கும் வந்துவிடும். எரிவது மட்டும் விளக்கு தானாகச் சேர்த்துக்கொண்டது. பயனுள்ள ஏற்பாடு.

ஆபத்து எங்கே என்றால், உற்சாகத்தில் நாம் ஒரு பெரிய குடும்ப மரம் வரைந்துவிடுவோம். பொருள், அதன் கீழே ஆயுதம், அதன் கீழே வாள், அதன் கீழே நீண்ட வாள். மறுபக்கம் ஒளிதருவது, அதன் கீழே விளக்கு, பந்தம். சரி, இருட்டில் ஒளிரும் வாள் வேண்டும் என்றால்? ஆயுதத்தின் பிள்ளையா, ஒளிதருவதின் பிள்ளையா? திறந்தால் கடிக்கும் பெட்டி வேண்டும் என்றால், அது பெட்டியா, அரக்கனா? மந்திரவாதி மாறனைத் தவளையாக்கிவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் எந்தக் கிளாஸ் ஆவான்? விளையாட்டு எழுதுபவருக்கு வரும் ஆசைகள் எல்லாமே மரத்தின் கிளைகளுக்குக் குறுக்கே ஓடுபவைதான்.

என் அனுபவத்தில் சரியாக வருவது, மரத்தைக் குட்டையாக வைப்பது. பொருள் என்று ஒன்று, அதன் கீழே அறை, உயிர், வாசல். அதற்கு மேல் வரும் குணங்களைத் தனித்தனிச் சிறு ஆப்ஜெக்ட்டுகளாகச் செய்து பொருளோடு இணைத்துவிடலாம். எரியும் தன்மை ஒன்று, வெட்டும் தன்மை ஒன்று, உள்ளே வைக்கும் தன்மை ஒன்று. ஒளிரும் வாள் என்பது எரியும் தன்மையும் வெட்டும் தன்மையும் கொண்ட ஒரு பொருள், அவ்வளவுதான். வாள் விளக்கு ஆகாது, ஆனால் வாளிடம் விளக்கின் தன்மை இருக்கலாம். "இது ஒரு" என்று சொல்வதா, "இதனிடம் ஒரு" என்று சொல்வதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டால் பாதித் தவறுகள் வராது.

லாம்டாமூவில் இதற்கு வேறொரு வழி இருந்தது. அங்கே கிளாஸ் என்று தனியாக எதுவுமே கிடையாது. ஆப்ஜெக்ட்டுக்குப் பெற்றோர் இன்னொரு ஆப்ஜெக்ட்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே பெற்றோரை மாற்றிவிடலாம். இன்றைக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு இது பழகிய யோசனையாகத் தோன்றும்.

கட்டளை எங்கே வசிக்கும்?

"ஏற்று" என்ற மெத்தடை விளக்கிடம் வைத்தோம். "பேசு" என்பதை யாரிடம் வைப்பது? "நட"? லாம்டாமூவில் கட்டளைச் சொல்லை முதலில் ஆட்டக்காரரிடமும், அடுத்து அவர் இருக்கும் அறையிடமும், அதன்பின் அவர் குறிப்பிட்ட பொருள்களிடமும் தேடுவார்கள். யாரிடம் முதலில் கிடைக்கிறதோ அவர் செய்வார். ஊமை அறை ஒன்று செய்ய வேண்டுமா, அறையின் "அறிவி" மெத்தடை மாற்றிவிட்டால் அங்கே எவர் பேசினாலும் ஒலி எழாது.

பைத்தானில் எழுதப்பட்ட, மட் உருவாக்க உதவும் எவெனியா என்ற கட்டமைப்பு வேறு வழியில் போகிறது. அங்கே ஒவ்வொரு கட்டளையும் தனியோர் ஆப்ஜெக்ட். கட்டளைகளைத் தொகுப்பாகச் சேர்த்து ஆளுக்கோ அறைக்கோ பொருத்தலாம். எனக்கு இந்த இரண்டாவது வழி பிடிக்கும். கட்டளை ஆப்ஜெக்ட் சொல்லைப் புரிந்துகொள்ளும் வேலையை மட்டும் செய்துவிட்டு, நிஜ வேலையைப் பொருளின் மெத்தடிடம் விட்டுவிட வேண்டும். அப்போதுதான் விசைப்பலகையே இல்லாத அரக்கனும் அதே "ஏற்று" மெத்தடை அழைத்து விளக்கை ஏற்ற முடியும்.

ஆட்டக்காரர் ஒருவரா, இருவரா?

புதிதாக எழுதுபவர்கள் ஆட்டக்காரர் என்று ஒரு கிளாஸ் வைத்து, இணைப்பையும் பாத்திரத்தையும் அதற்குள்ளேயே போட்டுவிடுவார்கள். இணையம் அறுந்தால் என்ன ஆகும்? அரக்கனோடு பாதிச் சண்டையில் மாறன் காற்றில் கரைந்துவிடுவான். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் கம்பியைப் பிடுங்கும் பழக்கம் ஆட்டக்காரர்களிடையே பரவிவிடும்.

இணைப்பு வேறு, பாத்திரம் வேறு. இணைப்பு என்பது தொலைவிலிருந்து வரும் எழுத்துகளை வாங்கி, பாத்திரத்திடம் கொடுக்கும் ஓர் ஆப்ஜெக்ட். பாத்திரம் என்பது குகையில் நிற்கும் உடல். இணைப்பு போனாலும் உடல் நிற்கும், அடிபடும், மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும். மீண்டும் உள்ளே வந்தால் புது இணைப்பு பழைய உடலோடு சேர்ந்துகொள்ளும். இப்படிப் பிரித்தபின் தவளைச் சிக்கலுக்கும் ஒரு வழி திறக்கிறது. மாறனின் இணைப்பை எடுத்துத் தவளையின் உடலில் பொருத்திவிடலாம்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்பிமட்டில் இதயத் துடிப்பு என்று ஒன்று உண்டு, பெரும்பாலும் 2 நொடிக்கு ஒருமுறை ஆப்ஜெக்ட்டின் ஒரு மெத்தட் தானாக அழைக்கப்படும். விளக்கின் எண்ணெய் குறைவதும் காயம் ஆறுவதும் இதில்தான் நடக்கும். எரியும்போது மட்டும் துடிப்பைக் கேட்டுப் பதிவு செய்துகொண்டு, அணைந்ததும் விலகிக்கொள்ளும் விளக்கு நல்ல விளக்கு. ஆயிரம் கற்களைத் தேவையில்லாமல் எழுப்பிக்கொண்டிருந்தால் சர்வர் திணறும். சேமிப்பதற்கு ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் மாறாத ஓர் எண் கொடுத்துவிடுங்கள். விளக்கின் இடம் குகை என்பதைக் கோப்பில் எழுதும்போது, அந்த எண்ணை எழுதினால் போதும்.

எங்கே தொடங்குவது

பொருள், அறை, உயிர், இணைப்பு. இந்த நான்கு கிளாஸ் போதும், விளக்கு ஐந்தாவது. கதவு, சண்டை, மந்திரம் எல்லாம் பிறகு. முதலில் "நகர்" மெத்தடை எழுதுங்கள், அடுத்து "கேள்", அடுத்து "அறிவி". எந்தப் புது வேலை வந்தாலும் விசையைத் தட்டும் முன் இது யாருடைய வேலை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஜன்னலில் சோதித்துப் பார்ப்பது எதையும் நிரூபிக்காது. இரண்டு ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் மாறனாகவும் மற்றொன்றில் நிலாவாகவும் உள்ளே போங்கள். மாறனின் ஜன்னலில் விளக்கை எடுத்து ஏற்றுங்கள், நிலாவின் திரையில் வினைச்சொற்கள் சரியாக முடிகின்றனவா என்று பாருங்கள். நிலாவின் ஜன்னலில் அதே விளக்கை எடுக்கப் பாருங்கள், அது தரையில் இல்லை என்று வர வேண்டும். பிறகு மாறனின் ஜன்னலை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மூடிவிட்டு, நிலாவின் ஜன்னலில் "பார்" என்று தட்டுங்கள். "மாறன் கண்மூடி நிற்கிறான். அவன் கையில் ஒரு பழைய விளக்கு எரிகிறது" என்று வந்தால், அடுத்து வடக்கே இருக்கும் கதவை எழுதத் தொடங்கலாம்.